பள்ளி பக்கத்துலதான்... ஆனா 1.5 கி.மீ சுத்தணும்! புதுச்சேரியின் புதிய நகர்களில் நடைவழி இல்லாமல் போனது ஏன்?

மாலை 6 மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. மறுநாள் காலை 7.30 மணி வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை முழுவதும் நடப்பவர்களின் கைக்கு வந்துவிடுகிறது. குழந்தைகள் நடுரோட்டில் ஓடுகிறார்கள். வயதானவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். "ஓரமா வா" என்று யாரும் கத்துவதில்லை.

அதே நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி, வில்லியனூர் சாலையிலோ கடலூர் சாலையிலோ, டியூஷன் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு மாணவியின் நிலைமையே வேறு. ஒரு பக்கம் பஸ், இன்னொரு பக்கம் லாரி. நடுவில் ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நிற்கும் டெம்போ. சைக்கிளுக்கென்று ஓரத்தில் ஒரு அடி இடம்கூட இல்லை.

இத்தனைக்கும் அவள் வீட்டுக்கும் டியூஷனுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. மெயின் ரோட்டைத் தொடாமல் போக வழி இல்லை, அதான் சிக்கல். அந்த வழி எங்கே போனது? புதிதாகப் போடப்படும் மனைப்பிரிவுகளில் அதை எப்படிக் கொண்டு வரலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்னை என்ன? ஒரு சின்னக் கணக்கு

"ஸ்கூல் பக்கத்துலதான் சார், நடந்தே போயிடலாம்." மனை விற்கும் இடத்தில் வழக்கமாகக் கேட்கும் வசனம் இது. வரைபடத்தில் பார்த்தால் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோட்டில் 250 மீட்டர். மூன்று, நான்கு நிமிட நடை. ஆனால் வீடு இருக்கும் நகருக்கும் பள்ளி இருக்கும் நகருக்கும் நடுவே காம்பவுண்டு சுவர். இரண்டு நகருக்கும் தலா ஒரே வாசல், இரண்டும் மெயின் ரோட்டில். வீட்டிலிருந்து வாசலுக்கு 500 மீட்டர், மெயின் ரோட்டில் 600 மீட்டர், அடுத்த நகருக்குள் 400 மீட்டர். மொத்தம் 1.5 கி.மீ.

20 நிமிட நடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் அந்த 600 மீட்டர் மெயின் ரோடுதான் பெற்றோரைப் பயமுறுத்துகிறது. அதனால் ஸ்கூட்டரை எடுக்கிறார்கள். காலையில் போய் வர 3 கி.மீ, மாலையில் போய் வர 3 கி.மீ. ஒரு நாளைக்கு 6 கி.மீ. வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்தால் 1,200 கி.மீ. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்காக!

இதையே அந்த நகரில் இருக்கும் 100 குடும்பங்கள் செய்தால், காலை 8.30 மணிக்கு மெயின் ரோட்டில் 100 ஸ்கூட்டர் கூடுதலாக இறங்குகிறது. நெரிசல் கூடுகிறது. நெரிசலைப் பார்த்து, இதுவரை சைக்கிளில் போன பிள்ளையையும் "இனிமே வேணாம், நானே கொண்டு வந்து விடுறேன்" என்று ஸ்கூட்டரில் ஏற்றுகிறார்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு இந்த வசதியும் கிடையாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ரேஷன் கடைக்குப் போகும் முதியவர்கள், பூ, கீரை விற்பவர்கள் என எல்லோரும் அந்த 600 மீட்டரை தினமும் நடந்தே கடக்கிறார்கள்.

பழைய நகரத்தில் இந்தச் சிக்கல் இல்லையே, ஏன்?

புதுச்சேரியின் பழைய நகரத்தை வானத்திலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுப் பக்கம் மாதிரி இருக்கும். வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்நேரான வீதிகள். இந்தக் கட்ட அமைப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் இதற்கான வரைபடத்தைப் போட்டார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தள்ளிய பிறகும், 1765-க்குப் பிறகு பழைய வீதிகளின் மேலேயே நகரம் மீண்டும் எழுந்தது.

கட்ட அமைப்பின் பலன் எளிமையானது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சில நிமிடங்களில் ஒரு குறுக்குத் தெரு வந்துவிடும். ஒரு வீதியில் வண்டி அதிகம் என்றால் அடுத்த வீதியில் போகலாம். நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் எப்போதும் இன்னொரு வழி இருக்கிறது. ஆசிரமவாசிகள் பலர் இன்றும் சைக்கிளிலேயே நகருக்குள் சுற்றி வர முடிகிறது என்றால், அதற்கு இந்த வீதி அமைப்பும் ஒரு காரணம்.

தமிழர் பகுதியில் கூடுதலாக ஒன்று இருந்தது. வீட்டு முகப்பில் திண்ணை, அதற்கு வெளியே தெருவை ஒட்டிச் சாய்ந்த கூரையுடன் தாழ்வாரம். வெயிலிலும் மழையிலும் நடந்து போகிறவர் அதன் கீழே ஒதுங்கிப் போகலாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் கண் தெருமேல் இருக்கும். கால்வே சுப்பராய செட்டி வீதி எனப்படும் வைசியாள் வீதியில் இத்தகைய வீட்டு முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

பழைய நகரத்திலும் எல்லாம் சரியாக இல்லை. நேரு வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் பிளாட்பாரத்தில் பைக்குகளும் கடைச் சரக்குகளும் நிற்க, மக்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். வழி இருந்தால் மட்டும் போதாது, அதைக் காலியாகவும் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் அங்கே பிளாட்பாரத்தை மீட்க முடியும். புதிய நகர்களில் மீட்பதற்கு வழியே போடப்படவில்லை.

புதிய நகர்களில் எங்கே தவறியது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.4 லட்சம் பேர். அதைச் சுற்றி வளர்ந்த உழவர்கரை நகராட்சியில் சுமார் 3 லட்சம் பேர். அதாவது புறநகர் அப்போதே நகரத்தைத் தாண்டிவிட்டது. இப்போது வில்லியனூர், அரியாங்குப்பம் கொம்யூன்களிலும் வயல்களும் தோப்புகளும் மனைகளாக மாறி வருகின்றன.

பழைய நகரத்தை ஒரே கையால் வரைந்தார்கள். புதிய நகர்கள் அப்படி வருவதில்லை. ஒருவரின் நிலம் இரண்டு ஏக்கர், பக்கத்தில் இன்னொருவரின் நிலம் மூன்று ஏக்கர். இன்றைக்கு ஒரு லேஅவுட், ஐந்து வருடம் கழித்து அடுத்த லேஅவுட். ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் அதிக மனை வருவது போல் ரோடு போடுகிறார்கள். மெயின் ரோட்டில் ஒரு வளைவு, உள்ளே நேராக ஒரு ரோடு, இரண்டு பக்கமும் கிளைகள், கடைசியில் சுவர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரைபடமும் விதிப்படி சரியாகவே இருக்கலாம். பத்து வரைபடங்களை ஒட்டிவைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது.

புதுச்சேரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தின் மிச்சமாக, புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. கோட்டக்குப்பம் போனால் விழுப்புரம் மாவட்டம், பட்டானூர் போனாலும் அதே கதை. எல்லையின் இந்தப் பக்க மனைப்பிரிவுக்குப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம் அனுமதி தர வேண்டும். அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்பு இயக்ககம். இரண்டு அலுவலகங்கள், இரண்டு கோப்புகள். நடந்து போகும் பிள்ளைக்கு அந்தக் கோடு தெரியாது, எதிரே நிற்கும் சுவர் மட்டுமே தெரியும்.

போதாதற்கு, அனுமதியே வாங்காமல் விற்கப்பட்ட மனைகளும் ஏராளம். அவற்றைப் பின்னாளில் வரன்முறைப்படுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் 2017-ல் வந்தன, புதுச்சேரியிலும் வந்தன. வரன்முறைப்படுத்தினால் பத்திரச் சிக்கல் தீரும், கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கும். விடாமல் போன வழி மட்டும் திரும்பி வராது. அதற்குள் அங்கே வீடு எழுந்திருக்கும்.

மெயின் ரோட்டில் அப்படி என்ன ஆபத்து?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் பாதசாரிகள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். ஒரு நாளைக்கு 90 பேர்.

இதில் வேகத்தின் பங்கு பெரியது. 30 கி.மீ வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகம் ஓடும். 50 கி.மீ வேகத்தில் அதுவே கிட்டத்தட்ட 14 மீட்டர். குறுக்கே வந்த குழந்தையைப் பார்த்து, ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் இந்தத் தூரம் போய்விடும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 கி.மீ-க்கு மேல் வேகம் கூடாது என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் வலியுறுத்தியது.

மெயின் ரோட்டில் எல்லா வண்டியையும் 30 கி.மீ-ல் ஓட்ட வைப்பது கஷ்டம். அந்த ரோட்டில் குழந்தைகள் தினமும் நடக்க வேண்டிய அவசியத்தைக் குறைப்பது அதைவிடச் சுலபம். நகருக்கும் நகருக்கும் இடையே இணைப்பு வழி கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

ஒரு நல்ல இணைப்பு வழி எப்படி இருக்க வேண்டும்?

சுவரில் ஒரு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சரியாக அமைக்காத சந்து, ஒரே மாதத்தில் குப்பைமேடாகும். கவனிக்க வேண்டியவை இவை:

• அகலம்: சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பார் சுமார் 60 செ.மீ. எதிரெதிரே இரண்டு சைக்கிளும் ஒரு பாதசாரியும் உரசாமல் போக 3 மீட்டர், அதாவது 10 அடி தேவை. நடைபாதை மட்டும் என்றால் குடியிருப்புப் பகுதிகளில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்கின்றன இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள். பிளாட்பாரத்தின் உயரம் 15 செ.மீ-ஐத் தாண்டக் கூடாது. புதுச்சேரி, தமிழ்நாட்டில் ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு எழுப்பி, முதியவர்கள் ஏறவே முடியாத பிளாட்பாரங்களைப் பல இடங்களில் பார்க்கலாம்.

• நேர் பார்வை: இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரிய வேண்டும். நடுவில் வளைந்தால், திருப்பத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. பெண்கள் அந்த வழியைத் தவிர்ப்பார்கள்.

• பக்கத்து வீடுகளின் கண்: இரண்டு பக்கமும் ஏழடி மதில் எழுந்தால் அது சுரங்கம் மாதிரி ஆகிவிடும். இடுப்பளவு சுவர், அதன்மேல் கம்பி வேலி, வழியைப் பார்த்த ஜன்னல் இருந்தால் பாதுகாப்பு தானாக வரும். திண்ணை செய்த வேலையை ஜன்னல் செய்யும்.

• விளக்கு: இரண்டு முனையிலும் நடுவிலும். மரக்கிளை மறைக்காத உயரத்தில்.

• வாசல் கம்பம்: கார் நுழையாமல் இருக்கத் தடுப்புக் கம்பம் தேவை. கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட்டால் சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் தாராளமாகப் போகும், கார் போகாது.

• படி வேண்டாம்: இரண்டு நகருக்கும் மட்டம் வேறாக இருந்தால் சாய்வுதளம் போட வேண்டும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான அளவு.

• நிழல்: வேம்பு, புங்கன், பூவரசு எதுவானாலும் சரி. ஏப்ரல், மே மாதங்களில் நிழல் இல்லாத பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள்.

• சேரும் இடம்: இணைப்பு வழி போய் முட்டும் தெருவில் வண்டிகள் வேகம் குறைக்க வேண்டும். அங்கே மேடாக்கப்பட்ட ஜீப்ரா கிராசிங் போடலாம். வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ உயரத்துக்கு மெதுவாக எழும்பி இறங்குவதே சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவு. குறுகலான, செங்குத்தான வேகத்தடைகள் சைக்கிளைத்தான் முதலில் தூக்கிப் போடும்.

மழைத் தண்ணீரை மறந்தால் எல்லாம் வீண்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற குடியிருப்புகள் தண்ணீரில் மிதந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளிகள் திறந்திருக்கும். அந்த மூன்று மாதம் முழங்கால் தண்ணீர் நிற்கும் வழி, வழியே அல்ல.

ஆகவே இணைப்பு வழியைத் தெருவைவிடச் சற்று உயர்த்தி, ஓரத்தில் மூடியுள்ள வடிகால் வைக்க வேண்டும். வாய்க்கால் சிலாபுகளையே நடைபாதை ஆக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு சிலாபு உடைந்து, அதன்மேல் தண்ணீர் நின்றால், கீழே இருக்கும் குழி தெரியாது.

"சந்து விட்டா திருடன் வருவான்": எதிர்ப்புகளில் நியாயம் இருக்கிறதா?

இணைப்பு வழி என்றதும் குடியிருப்போர் சங்கங்களில் எழும் கேள்விகளை ஒதுக்கித் தள்ள முடியாது.

திருட்டுப் பயம்: ஆள் நடமாட்டம் இல்லாத, இருட்டான, இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் உள்ள சந்துக்கு இந்தப் பயம் நியாயமே. காலையும் மாலையும் ஐம்பது பேர் நடக்கும், விளக்குள்ள, ஜன்னல் பார்க்கும் வழிக்கு அது பொருந்தாது. அதனால்தான் எந்த வழியும் ஒரு காரணத்தோடு போடப்பட வேண்டும். பள்ளி, பஸ் ஸ்டாப், கடைத்தெரு, பூங்கா எதையாவது சேர்க்கும் வழியில்தான் ஆட்கள் நடப்பார்கள்.

பைக் நுழையுமே?: நுழையும். காரைத் தடுக்கும் கம்பம் பைக்கைத் தடுக்காது. பைக்கைத் தடுக்கும் அளவுக்கு இடைவெளியைக் குறுக்கினால் சக்கர நாற்காலியும் போகாது. இதற்கு முழுத் தீர்வு இல்லை. சொரசொரப்பான கல் தளமும், முனையில் சிறிய மேடும் இருந்தால் வேகமாவது குறையும். மெயின் ரோட்டு லாரியோடு ஒப்பிட்டால் 15 கி.மீ வேகத்தில் ஊரும் பைக் சின்னத் தொல்லை.

நிலம் வீணாகாதா?: முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு 30-க்கு 40 மனைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் மொத்த ஆழம் 80 அடி. 10 அடி அகலத்தில் வழி விட்டால் 800 சதுர அடி. புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி என்பது 576 சதுர அடி. அப்படியானால் ஒன்றரைக் குழிகூட இல்லை. பத்திரத்தில் எழுதினால் 74 சென்டியார். இந்தச் செலவை எல்லா மனைகளும் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் லேஅவுட் விற்று முடிந்த பிறகு இதே 800 சதுர அடியை வாங்க வேண்டும் என்றால், யாரோ ஒருவரின் வீட்டு மனையைத்தான் கேட்க வேண்டும்.

வெளியூர்களில் எப்படிச் செய்தார்கள்?

ஹவுட்டன், நெதர்லாந்து: புதுச்சேரிக்குக் கட்டம் போட்டுக் கொடுத்த அதே டச்சுக்காரர்களின் ஊர். 1960-களின் முடிவில் வெறும் கிராமமாக இருந்த ஹவுட்டனைப் புதிய குடியிருப்பு நகரமாக வளர்க்க முடிவானபோது, முதலில் சைக்கிள் பாதைகளை வரைந்தார்கள். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் வெளியே வந்து வட்டச் சாலையில் சுற்ற வேண்டும். சைக்கிளிலும் நடந்தும் போனால் நேராகப் போகலாம். பள்ளிகளும் ரயில் நிலையமும் சைக்கிள் பாதையின் மேலேயே இருக்கின்றன. இன்று சுமார் 50,000 பேர் வாழும் நகரம் அது. புதுச்சேரியின் புதிய நகர்களில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: வண்டிக்கு நேர் வழி, நடப்பவருக்குச் சுற்று வழி.

ஸ்டீவனேஜ், இங்கிலாந்து: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டப்பட்ட இந்தப் புதிய நகரத்திலும் அருமையான தனி சைக்கிள் பாதைகள் போட்டார்கள். ஆனால் கார்களுக்கும் அதே அளவு தாராளமாகச் சாலை போட்டதால் மக்கள் காரையே எடுத்தார்கள். பாதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வண்டியைவிடச் சுருக்கு வழியாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

சண்டிகர்: லெ கார்புசியே திட்டமிட்ட இந்த நகரத்தில் செக்டர்களின் நடுவே ஓடும் பசுமைப் பட்டையில் நடைவழிகள் இருக்கின்றன. சைக்கிளுக்கான பாதைகள் பின்னர் தனி வகையாகச் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் முடியாது என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூர்: வெயிலும் மழையும் நம்மைப் போலவே உள்ள ஊர். அங்கே ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதைகளை அரசே அமைத்தது. நனையாமல், வேர்க்காமல் போகலாம். நம் தாழ்வாரத்தின் நவீன வடிவம்!

சென்னை: 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி ஏற்றது. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. ஏற்கெனவே இருக்கும் சாலையை மாற்றிக் கட்டும் முயற்சி இது, செலவும் நேரமும் அதிகம். புதிய மனைப்பிரிவில் அதே வேலைக்கு வரைபடத்தில் ஒரு கோடு போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில் இன்றுவரை பல முக்கிய உத்தரவுகள் வந்துள்ளன.

2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138 (1ஏ), 210 டி பிரிவுகளின் கீழ் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் ஆறு மாதத்துக்குள் விதிகளை உருவாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் பிரிவு பாதசாரிகளும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வாகனங்களும் சாலையைப் பயன்படுத்துவது பற்றியது. இரண்டாவது, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புக்கான தரம் பற்றியது.

இதே சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

மனைப்பிரிவுகளுக்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பூங்காவுக்கு இடம் விடச் சொல்ல முடியும் என்றால், பக்கத்து நிலத்தின் எல்லை வரை நடைவழி விடவும் சொல்ல முடியும். பக்கத்தில் இப்போது வயல் இருந்தாலும் பரவாயில்லை. நாளை அங்கே லேஅவுட் வரும்போது, அந்த வழி எந்த இடத்தில் சேர வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும்.

ஏற்கெனவே கட்டி முடித்த நகர்களில் என்ன செய்வது?

மனைகளுக்கு நடுவே இடம் இல்லை. அரசு நிலத்தில் இடம் இருக்கிறது.

முதலில் பள்ளியின் பின்புற கேட். பல பள்ளிகளுக்கு மெயின் ரோட்டில் மட்டுமே வாசல். பின்சுவரில் ஒரு சிறிய கேட் வைத்து, காலையும் மாலையும் ஒரு காவலரை நிறுத்தினால், பின்னால் இருக்கும் நகர்ப் பிள்ளைகள் மெயின் ரோட்டுக்கே வர வேண்டாம். இருப்பதிலேயே மலிவான வழி இது.

அடுத்தது வாய்க்கால் கரை. புதுச்சேரி ஏரிகளும் வாய்க்கால்களும் பின்னிய ஊர். ஊசுடு, வேல்ராம்பட்டு, கனகன், பாகூர் என ஏரிகள். உப்பாறு வாய்க்கால், பங்காரு வாய்க்கால் என நீர்வழிகள். நகர்களின் எல்லையைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடும் பொது நிலம் இவற்றின் கரைகளே. தூர்வாரும் இயந்திரம் போக எப்படியும் கரையில் வழி வேண்டும். அதே வழியில் சைக்கிளும் போகலாம். ஆனால் வாய்க்காலைச் சுருக்கிப் பாதை போடக் கூடாது, வெள்ளம் பழிவாங்கிவிடும்.

மூன்றாவது ரயில் பாதை. 1879-ல் வந்த விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை பல குடியிருப்புகளை இரண்டாக வெட்டிச் செல்கிறது. லெவல் கிராசிங் தூரம் என்றால் மக்கள் தண்டவாளத்தையே தாண்டுவார்கள். அங்கே தண்ணீர் தேங்காத நடைச் சுரங்கமோ, சாய்வுதளமுள்ள நடைமேம்பாலமோ தேவை.

மனை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ரெரா சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். பத்திரிகை விளம்பரத்தில் வரும் வண்ணப் படத்தை நம்பாமல் அந்த வரைபடத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது. வரைபடத்தில் இவற்றைக் கவனியுங்கள்:

• எத்தனை வாசல்? எல்லாமே ஒரே மெயின் ரோட்டிலா?

• உள்ளே இருக்கும் ரோடுகள் பக்கத்து நிலத்தின் எல்லை வரை போகின்றனவா, அல்லது கடைசி மனையோடு முடிகின்றனவா?

• பள்ளி, பஸ் ஸ்டாப், ரேஷன் கடைக்கு நடந்து போகும் உண்மையான தூரம் என்ன? ஒரு தடவை காலை 8.30 மணிக்கு நடந்தே பாருங்கள்.

• நடைவழி, பூங்கா, ரோடு எல்லாம் தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்கோ கொம்யூன் பஞ்சாயத்துக்கோ ஒப்படைக்கப்பட்டுவிட்டதா? ஒப்படைக்காத வழி, நாளை இன்னொரு மனையாகலாம்.

ரெரா சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, அனுமதி பெற்ற வரைபடத்தையும் பொது இடங்களையும் மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. வரைபடத்தில் இருந்த வழியில் திடீரென்று சுவர் எழுந்தால் புதுச்சேரி ரெரா ஆணையத்தில் புகார் தரலாம்.

ஆனால் வரைபடத்திலேயே இல்லாத வழிக்காக யாரிடமும் புகார் தர முடியாது. அதைக் கேட்பதற்கான நேரம் அனுமதிக்கு முன்பும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பும்தான். அடுத்த முறை "ஸ்கூல் பக்கத்துலதான் சார்" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி, பிள்ளை மெயின் ரோட்டுக்கு வராம அங்க போக வழி இருக்கா?"